வண்டி, ஜாமீன், சிறையில் இடம்: மார்ட்டின் லூதர் கிங் போராடிய விதம்

மான்ட்கோமரி நகரப் பேருந்தில் 36 இருக்கைகள் இருந்தன. முன்பக்கம் 10 வெள்ளையருக்கு. வண்டியில் வெள்ளையர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் அந்தப் பத்தும் காலியாகத்தான் ஓடும். கறுப்பினத்தவர் பக்கத்தில் நின்றுகொண்டு வரலாம், உட்காரக் கூடாது. பின்பக்கம் 10 கறுப்பினத்தவருக்கு. நடுவிலிருந்த 16 இருக்கைகளுக்கு ஓட்டுநர் வைத்ததே சட்டம். வெள்ளையர் ஏற ஏற எல்லைக்கோடு பின்னால் நகரும். இரு நிறத்தவரும் ஒரே வரிசையில் உட்காரக் கூடாது என்பதால், ஒரு வெள்ளையருக்கு இடம் வேண்டுமென்றால் நான்கு கறுப்பினத்தவர் எழுந்துகொள்ள வேண்டும். கட்டணம் 10 சென்ட். முன்வாசலில் ஏறிக் காசைப் போட்டுவிட்டு, இறங்கி, வெளியே நடந்துபோய்ப் பின்வாசலில் ஏறச் சொல்வார்கள். அதற்குள் வண்டியைக் கிளப்பிவிடும் ஓட்டுநர்களும் உண்டு. இத்தனைக்கும் அந்தப் பேருந்துகளில் பயணம் செய்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். கம்பெனியின் வரும்படியே அவர்களுடைய சில்லறைதான்.

மார்ட்டின் லூதர் கிங் என்றதும் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் அவர் விவரித்த கனவு நினைவுக்கு வரும். அந்தப் பேச்சுக்கு முன்னும் பின்னும், ஏறத்தாழ 12 ஆண்டுகள், அவரும் கூட இருந்தவர்களும் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயங்கள் வேறு மாதிரியானவை. விடியற்காலையில் வேலைக்குப் போகும் சமையற்காரப் பெண்ணை யார் வண்டியில் ஏற்றுவது? கைதாகும் ஒருவருக்கு ஜாமீன் எத்தனை டாலர்? ஊர்ச் சிறையில் எத்தனை பேரை அடைக்க முடியும்? அவர் வென்ற ஊர்களும் தோற்ற ஊர்களும் இந்தக் கணக்குகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

கிங் பிறந்தது 1929 ஜனவரி 15, அட்லாண்டாவில். தந்தை எபனேசர் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர். தாய்வழித் தாத்தாவும் அங்கேயே போதகராக இருந்தவர். வறுமையில் வளர்ந்த பிள்ளை அல்ல. 15 வயதில் மோர்ஹவுஸ் கல்லூரி, பிறகு பென்சில்வேனியாவில் இறையியல், பாஸ்டனில் முனைவர் பட்டம். 1953இல் கொரெட்டா ஸ்காட்டோடு திருமணம். 1954இல் அலபாமா மாநிலத் தலைநகரான மான்ட்கோமரியின் டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயத்துக்குப் போதகராக வந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் பேருந்துப் புறக்கணிப்பு வெடித்தபோது வயது 26. மூத்த மகள் பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

வெடித்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. அந்த ஊர்ப் பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவி ஜோ ஆன் ராபின்சன், அலபாமா மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர், 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதி, பேருந்துகளைப் புறக்கணிக்கும் யோசனை ஊரில் இருப்பதாக எச்சரித்திருந்தார். 1955 மார்ச் 2 அன்று கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது மாணவி எழுந்து இடம் கொடுக்க மறுத்துக் கைதானாள். அவள் வழக்கை வைத்துச் சட்டத்தை எதிர்க்கலாமா என்று தலைவர்கள் யோசித்தார்கள். மேல்முறையீட்டில் நிறப்பிரிவினைக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டு, போலீஸைத் தாக்கியதாகச் சொன்ன குற்றச்சாட்டு மட்டும் மிஞ்சியது. பிரிவினைச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை எழுப்ப அந்த வழக்கில் இனி இடமில்லை. அவள் வயதும் குடும்பச் சூழலும் பார்த்துத் தலைவர்கள் தயங்கியதும் உண்மை. அதில் கொஞ்சம் வர்க்கப் பார்வையும் இருந்தது.

டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் கைதானார். களைத்துப்போன தையற்காரி என்று கதை சொல்வார்கள். அவர் துணிக்கடையில் தையல் வேலை பார்த்தவர்தான். கூடவே, கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தின் ஊர்க்கிளைச் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர், அந்தக் கோடையில்தான் டென்னசியில் ஒரு போராட்டப் பயிற்சிப் பள்ளிக்குப் போய்வந்தவர். ஓட்டுநர் ஜேம்ஸ் பிளேக்கோடு அவருக்கு 1943லேயே பின்வாசல் தகராறு உண்டு. பார்க்ஸை ஜாமீனில் எடுத்தவர் தொழிற்சங்கக்காரர் ஈ.டி. நிக்சன். அன்றிரவே ராபின்சன் கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் உட்கார்ந்தார். ஒரு தாளில் மூன்று துண்டறிக்கை. விடியும்வரை ஓட்டி, மூன்றாக வெட்டிக் கட்டுக்கட்டாக்கினார்கள். பல்லாயிரக்கணக்கான பிரதிகள். மறுநாள் பள்ளிகள், கடைகள், அழகு நிலையங்கள், மதுக்கடைகள் வழியாக ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. திங்கட்கிழமை, டிசம்பர் 5, பேருந்துகள் காலியாக ஓடின. அன்றே நீதிமன்றத்தில் பார்க்ஸுக்கு 10 டாலர் அபராதம், 4 டாலர் செலவு.

அன்று பிற்பகல் மான்ட்கோமரி முன்னேற்றச் சங்கம் உருவானது. தலைவராகக் கிங்கைப் போட்டார்கள். ஊருக்குப் புதியவர், அதனால் எந்தக் கோஷ்டியிலும் இல்லை. நகராட்சியிடம் எந்தச் சலுகையும் வாங்கியிருக்கவில்லை. காரியம் கெட்டுப்போனால் வேறு ஊரில் வேலை தேடிக்கொள்ளக்கூடிய படிப்பு இருந்தது. அன்று மாலை ஹோல்ட் தெரு தேவாலயத்தில் பேச அவருக்குத் தயாரிப்பு நேரம் 20 நிமிடம்தான்.

முதலில் வைத்த கோரிக்கைகளைப் பார்த்தால் இன்றைக்கு ஆச்சரியமாக இருக்கும். ஓட்டுநர்கள் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும். வெள்ளையர் முன்னாலிருந்தும் கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வந்த வரிசைப்படி உட்கார்ந்துகொள்ளட்டும், யாரும் எழுப்பக் கூடாது. கறுப்பினத்தவர் அதிகம் ஏறும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களை வைக்க வேண்டும். பிரிவினையை ஒழிக்கச் சொல்லவே இல்லை. அதே அலபாமாவின் மொபைல் நகரில் இந்த இருக்கை ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. நகராட்சி இதைக் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கக்கூடும். கொடுக்கவில்லை.

நகரில் கறுப்பினத்தவர் சுமார் 50,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் தினமும் ஊரின் மறுகோடிக்கு வேலைக்குப் போகிறவர்கள். முதல் சில நாள் கறுப்பினத்தவரின் வாடகைக் கார்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஆளை ஏற்றின. காவல் ஆணையர் கிளைட் செல்லர்ஸ் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். வாடகைக் காரின் குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்று ஒரு விதி தூங்கிக்கொண்டிருந்தது. குறைத்து வாங்கினால் கைது என்றார். நாள் முழுக்க வீட்டு வேலை செய்து இரண்டு மூன்று டாலர் சம்பாதிக்கும் பெண் போகவர 90 சென்ட் எப்படிக் கொடுப்பாள்?

கிங் லூசியானாவின் பேட்டன் ரூஜில் இருந்த போதகர் டி.ஜே. ஜெமிசனுக்குத் தொலைபேசினார். 1953 ஜூனில் அங்கே சுமார் ஒரு வாரம் பேருந்துப் புறக்கணிப்பு நடந்திருந்தது. சொந்தக் கார்களில் இலவசமாக ஆளை ஏற்றிச் சமாளித்திருந்தார்கள். அந்த முறையை மான்ட்கோமரி கடன் வாங்கிப் பெரிதாக்கியது. கார் வைத்திருந்த சுமார் 300 பேர் பெயர் கொடுத்தார்கள். ஊரின் சந்து பொந்து தெரிந்த தபால்காரர்களைக் கூட வைத்துக்கொண்டு வரைபடம் போட்டார்கள். காலையில் குடியிருப்புகளிலிருந்து கிளம்ப 48 இடங்கள், மாலையில் வேலையிடங்களிலிருந்து திரும்ப 42 இடங்கள். நகர நடுவில் கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான கார் நிறுத்துமிடம் வண்டி மாறும் மையமானது. போக்குவரத்துக் குழுவை முதலில் ரூஃபஸ் லூயிஸ் நடத்தினார். பிறகு, தேவாலயங்களின் பெயரிலேயே பதினைந்துக்கு மேற்பட்ட பெரிய ஸ்டேஷன் வேகன் வண்டிகளை வாங்கினார்கள். மக்கள் அவற்றை உருளும் தேவாலயங்கள் என்றார்கள்.

இதில் நுட்பமான ஓர் இடம் உண்டு. ஏறுகிறவரிடம் காசு வாங்கினால் அது உரிமமில்லாத வாடகை வண்டி. சட்டம் உடனே பிடித்துக்கொள்ளும். அதனால் பயணம் இலவசம், பெட்ரோலுக்குச் சங்கம் பணம் தரும், மக்கள் வாரக் கூட்டங்களில் காணிக்கையாகச் சங்கத்துக்குக் கொடுப்பார்கள். கூட்டங்கள் வாரம் இரண்டு. பிரசங்கம், பாட்டு, பிறகு உண்டியல். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரர் தன் தோழிகளோடு கேக்கும் ‘பை’ (pie) பலகாரமும் கோழிப் பொரியலும் செய்து விற்று, வாராவாரம் கூட்டத்தில் பணத்தைக் கொட்டுவார். சமைத்தவர் யார் என்று தெரிந்தால் அவர்களுக்கு வேலை போய்விடும். அதனால் தங்கள் குழுவுக்கு ‘எங்கிருந்தோ வந்த மன்றம்’ என்று பெயர் வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தும் இல்லை.

வெள்ளைக்காரக் குடும்பத் தலைவிகள் பலர் தங்கள் வேலைக்காரப் பெண்களைத் தாங்களே காரில் கூட்டிவந்தார்கள். போராட்டத்தின் மேல் உள்ள பிரியத்தால் என்று சொல்ல முடியாது; சமையல் ஆக வேண்டுமே. மேயர் கெயில் பகிரங்கமாக இவர்களைக் கடிந்துகொண்டார். ஜூலியட் மார்கன் என்ற வெள்ளையின நூலகர் மட்டும் புறக்கணிப்பைக் காந்தியின் உப்பு யாத்திரையோடு ஒப்பிட்டு 1955 டிசம்பரிலேயே உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கிங்கின் பெயரோடு காந்தியின் பெயர் ஒட்டிக்கொள்வதற்கு முன்பே அந்த ஒப்பீட்டை அச்சில் வைத்தவர் அவர். அதற்காக அவரை ஊரே துரத்தியது, 1957இல் இறந்துபோனார்.

எதிர்த்தாக்குதல் எங்கெல்லாம் வந்தது என்று பார்த்தால், எந்த ஏற்பாட்டுக்கு எங்கே வலிக்கும் என்று நகராட்சி தேடிக்கொண்டே இருந்தது தெரியும். முதலில் போக்குவரத்துப் போலீஸ். கார் ஓட்டியவர்களுக்கு அடுக்கடுக்காக அபராதச் சீட்டு. 1956 ஜனவரி 26 அன்று கிங்கையே, 25 மைல் வேக எல்லையில் 30 மைல் போனார் என்று கைது செய்தார்கள். அவர் வாழ்க்கையின் முதல் சிறைவாசம் அது. அதற்கு முந்தைய வாரக்கடைசியில், சங்கத்தோடு தொடர்பில்லாத மூன்று கறுப்பினப் போதகர்களை வைத்து, புறக்கணிப்பு முடிந்துவிட்டதென ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் செய்தி போட ஏற்பாடு செய்தார்கள். கார்ல் ரோவன் என்ற நிருபர் மினியாபொலிஸிலிருந்து முன்கூட்டியே கிங்குக்குச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை இரவே கிங்கும் நண்பர்களும் மதுக்கடை மதுக்கடையாக ஏறி இறங்கி, செய்தி பொய் என்று அறிவித்தார்கள். ஞாயிறு காலை மேடைகளிலிருந்து போதகர்கள் அதையே சொன்னார்கள். திங்களன்றும் பேருந்து காலி.

ஜனவரி 30 இரவு கிங் வீட்டுத் திண்ணையில் குண்டு வெடித்தது. உள்ளே கொரெட்டாவும் கைக்குழந்தையும் இருந்தார்கள்; காயமில்லை. ஆயுதங்களோடு திரண்ட கூட்டத்தைக் கிங் அமைதிப்படுத்தித் திருப்பி அனுப்பினார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. அதோடு சேர்த்துச் சொல்லாத ஒன்று உண்டு: குண்டுவெடிப்புக்குப் பின் கிங் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கேட்டு மனுப் போட்டார், மறுக்கப்பட்டது, வீட்டில் ஆயுதம் தாங்கிய காவல் இருந்தது. அடுத்த மாதம் நியூயார்க்கிலிருந்து வந்த பயர்ட் ரஸ்டின், கூட வந்த பத்திரிகையாளர் உட்காரப்போன நாற்காலியில் கைத்துப்பாக்கி கிடப்பதைப் பார்த்துக் கத்தினார். அகிம்சை கிங்குக்கு அதுவரை புத்தகத்தில் படித்த பாடம். அதை நடைமுறைக்குக் கொண்டுவர உதவியவர்கள் ரஸ்டினும் கிளென் ஸ்மைலியும். ரஸ்டின் 1948இலேயே இந்தியாவுக்கு வந்து காந்தியர்களோடு பழகியவர்.

பிப்ரவரி 21இல் பெருநடுவர் குழு 89 பேர்மீது, புறக்கணிப்புகளைத் தடுக்கும் 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டியது. போலீஸ் தேடிவரும்வரை காத்திராமல் நல்ல உடை உடுத்திக்கொண்டு நிலையத்துக்குத் தாங்களே போய் நின்றார்கள். கைது என்றால் அவமானம் என்ற பயம் அன்று போயிற்று. கிங்குக்குத் தண்டனை 500 டாலர் அபராதமும் 500 டாலர் செலவும், இல்லையேல் 386 நாள் சிறை. மேல்முறையீடு செய்தார். அந்த விசாரணையால் நாடு முழுக்கப் பெயர் பரவி, வெளியூர்களிலிருந்து நன்கொடை வர ஆரம்பித்தது. நகராட்சி செய்த தவறுகளில் இது முதலிடம்.

பிறகு காப்பீடு. ஸ்டேஷன் வேகன்களுக்கான காப்பீட்டை நிறுவனங்கள் ஒவ்வொன்றாக ரத்து செய்தன. காப்பீடு இல்லாத வண்டி சாலைக்கு வர முடியாது. மொத்த ஏற்பாடும் படுத்துவிடும். அட்லாண்டாவின் கறுப்பினக் காப்பீட்டு முகவர் டி.எம். அலெக்சாண்டர் லண்டனின் லாயிட்ஸ் சந்தையில் புதிய காப்பீடு பிடித்துக்கொடுத்தார். அலபாமா அதிகாரிகளின் கை லண்டன்வரை நீளவில்லை.

வழக்கு தனித் தடத்தில் போனது. பார்க்ஸின் வழக்கு மாநில நீதிமன்றங்களில் சிக்கி வருடக்கணக்கில் இழுபடும் என்று வழக்கறிஞர் ஃப்ரெட் கிரே கணித்தார். அவருக்கு அப்போது 25 வயது. 1956 பிப்ரவரி 1 அன்று மத்திய நீதிமன்றத்தில் புதிய வழக்குப் போட்டார். வாதிகள் ஆரேலியா பிரவுடர் முதலான பெண்கள். 15 வயதில் ஒதுக்கப்பட்ட கிளாடெட் கோல்வினும் ஒருவர். பார்க்ஸைச் சேர்க்கவில்லை, அவருடைய குற்ற வழக்கைக் காட்டி இதைத் தள்ளிவிடுவார்கள் என்பதால். ஜூன் 5 அன்று மூன்று நீதிபதிகளில் இருவர் பேருந்துப் பிரிவினை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றார்கள். நகராட்சி உச்ச நீதிமன்றம் போனது.

நவம்பர் 13இல் நடந்தது நாடக ஆசிரியன் எழுதினால் நம்ப மாட்டோம். கார் ஏற்பாடு உரிமமில்லாத தொழில், அதைத் தடை செய்ய வேண்டும் என்று நகராட்சி கேட்ட வழக்கில் கிங் மாநில நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். தடை வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இடைவேளையில் ஒரு நிருபர் துண்டுச் சீட்டை நீட்டினார்: உச்ச நீதிமன்றம் ஜூன் தீர்ப்பை உறுதி செய்துவிட்டது. அன்று பிற்பகலே மாநில நீதிமன்றம் கார் ஏற்பாட்டைத் தடை செய்தது. உச்ச நீதிமன்ற ஆணை காகிதமாக மான்ட்கோமரிக்கு வந்துசேர டிசம்பர் 20 ஆனது. இடைப்பட்ட ஐந்து வாரம் வண்டியும் இல்லை, பேருந்திலும் ஏறக்கூடாது. அண்டை அயலார் காரில் தொற்றிக்கொண்டார்கள், மீதிப் பேர் நடந்தார்கள். டிசம்பர் 21, 381 நாளுக்குப் பின், ஏறினார்கள்.

ஏறுவதற்கும் ஒத்திகை நடந்தது. தேவாலயத்தில் நாற்காலிகளைப் பேருந்துபோல வரிசையாகப் போட்டு, சிலர் திட்டும் வெள்ளையராக நடித்தார்கள், மற்றவர்கள் திருப்பித் திட்டாமல் உட்காரப் பழகினார்கள். என்ன செய்யலாம், என்ன கூடாது என்று அச்சிட்ட பட்டியலும் கொடுத்தார்கள். வேறு இடம் காலியாக இருந்தால் வேண்டுமென்றே வெள்ளையர் பக்கத்தில் போய் உட்கார வேண்டாம் என்பது அதில் ஒன்று. அப்படியும் பேருந்துகள்மீது சுட்டார்கள். ரோசா ஜோர்டன் என்ற கர்ப்பிணிக்குக் கால்களில் குண்டு. 1957 ஜனவரி 10 அன்று நான்கு தேவாலயங்களில் குண்டு வெடித்தது. பார்க்ஸுக்கு வேலை போய், அந்த ஆண்டே டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார்.

நீதிமன்றம்தானே ஜெயித்தது, 381 நாள் நடந்தது எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. வாதிகளாக நிற்கப் பெண்களுக்குத் துணிவு வந்ததும், வழக்குச் செலவுக்குப் பணம் வந்ததும், தீர்ப்பு வந்த பின் மக்கள் உண்மையிலேயே முன் இருக்கையில் போய் உட்கார்ந்ததும் அந்த நடையால்தான். மாநிலத்துக்கு மாநிலம் போகும் பேருந்துகளில் பிரிவினை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1946லேயே சொல்லியிருந்தது. தெற்கில் அதை யாரும் சட்டை செய்யவில்லை.

1957இல் தெற்கின் போதகர்களைத் திரட்டிக் கிங் தலைமையில் தெற்குக் கிறித்துவத் தலைமை மாநாடு அமைந்தது. அட்லாண்டா அலுவலகத்தைத் தூக்கி நிறுத்தியவர் எல்லா பேக்கர் (Ella Baker) என்ற பெண். போதகர்கள் நிறைந்த அந்த அமைப்பு ஒரு பெண்ணை நிரந்தர இயக்குநராக வைக்க மனம் கொள்ளவில்லை. கிங்கின் குறைகளைப் பட்டியலிட்டால் இதுவும் வரும்.

1959 பிப்ரவரியில் கிங்கும் கொரெட்டாவும் இந்தியா வந்து ஒரு மாதம் சுற்றினார்கள். சென்னைக்கும் வந்தார்கள், கன்னியாகுமரியில் சூரியன் மறைவதையும் நிலவு எழுவதையும் பார்த்தார்கள். அதை அவர் பிறகு பிரசங்கத்தில் விவரித்தார். திருவனந்தபுரத்தில் தலித் குழந்தைகள் படித்த பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்தினாராம். முதலில் சுருக்கென்றது, பிறகு யோசித்தபோது அது சரிதான் என்று பட்டது என 1965இல் கிங் நினைவுகூர்ந்தார்.

இனி தோல்வி. ஜார்ஜியாவின் ஆல்பனி நகரில் 1961 டிசம்பரில் கிங் போய்ச் சேர்ந்தபோது போராட்டம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பேருந்து நிலையம், நூலகம், பூங்கா, உணவகம், வேலை என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். காவல்துறைத் தலைவர் லாரி பிரிட்சட், கிங் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர். சிறையை நிரப்புவதுதான் இவர்கள் உத்தி என்று புரிந்துகொண்டு, சுற்றுவட்டார மாவட்டச் சிறைகளிலெல்லாம் முன்கூட்டியே இடம் பேசி வைத்தார். கேமராவுக்கு முன் அடிக்காதே என்று போலீஸாருக்குப் பயிற்சி. கைதானவர்களை வண்டியில் ஏற்றி வெளியூர்களுக்கு அனுப்பிவிடுவார். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிறை போன பிறகும் ஆல்பனி நகரச் சிறையில் இடம் இருந்தது. 1962 ஜூலையில் கிங் 178 டாலர் அபராதத்துக்குப் பதில் 45 நாள் சிறை என்று உள்ளே போனார். இரண்டு நாளில் யாரோ பணம் கட்டிவிட்டதாகச் சொல்லி வெளியே தள்ளினார்கள். சிறையிலிருக்கவும் விடாத எதிரியிடம் என்ன செய்வது? ஆகஸ்டில் வெறுங்கையோடு கிளம்பினார். எல்லாவற்றையும் எதிர்க்காமல் ஒன்றைக் குறிவைத்திருக்க வேண்டும், வாக்கு பலம் இல்லாத ஊரில் அரசியல்வாதிகளைவிட வியாபாரிகளை அழுத்தியிருக்க வேண்டும் என்பது பிற்பாடு அவரே சொன்ன கணிப்பு.

அலபாமாவின் பர்மிங்ஹாமில் 1963 வசந்தத்தில் இந்தப் பாடத்தை வரிக்கு வரி பயன்படுத்தினார்கள். திட்டமிட்டவர் வயட் டீ வாக்கர். நகர மையக் கடைகளில், கறுப்பினத்தவர் உட்காரக் கூடாத உணவு மேடைகளில் எத்தனை நாற்காலி என்று போய் எண்ணினார். பதினாறாம் தெரு தேவாலயத்திலிருந்து கடைத்தெருவுக்கு இளைஞன் நடந்தால் எத்தனை நிமிடம், வயதானவர் நடந்தால் எத்தனை நிமிடம் என்று கணக்கெடுத்தார். முதல் குறி கிடைக்காவிட்டால் இரண்டாவது, அதுவும் மூடிவிட்டால் மூன்றாவது. கிறிஸ்துமஸுக்கு அடுத்த பெரிய வியாபாரக் காலமான ஈஸ்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். புதுத்துணி வாங்காதீர்கள் என்றார்கள். போதகர்களே கோட்டைக் கழற்றிவிட்டு நீல டெனிம் போட்டுக்கொண்டார்கள். கலந்துகொள்ள வந்தவர் பத்துக் கட்டளைகள் அச்சிட்ட உறுதிமொழி அட்டையில் கையெழுத்திட வேண்டும், பையில் பேனாக்கத்திகூட இருக்கக் கூடாது.

அப்படியும் ஏப்ரலில் திட்டம் தடுமாறியது. காரணம் ஜாமீன். சிறு குற்றங்களுக்கான ஜாமீன் உச்சவரம்பு 300 டாலராக இருந்ததை, பர்மிங்ஹாமுக்கு மட்டும் 2,500 டாலராக மாநிலம் உயர்த்தியது. ஜாமீன் தரகரின் சொத்து போதாது என்று நகராட்சி அவரையும் நிறுத்தியது. ஊர்வலம் கூடாதென்று ஏப்ரல் 10 அன்று நீதிமன்றத் தடை. உள்ளே இருப்பவர்களை எடுக்கப் பணமில்லை. வெளியே போய்ப் பணம் திரட்டக்கூடியவர் கிங் மட்டும்தான். அவரும் கைதானால்? புனித வெள்ளி, ஏப்ரல் 12. காஸ்டன் விடுதியின் 30ஆம் அறையில் கூட்டாளிகள் இரண்டு பக்கமும் பேசினார்கள். கிங் உள்ளறைக்குப் போய், டெனிம் சட்டையோடு திரும்பி வந்தார். சிறையில் செய்தித்தாள் ஓரங்களில் எழுத ஆரம்பித்த கடிதம், போராட்டம் காலத்துக்கு ஒவ்வாதது என்று அறிக்கை விட்ட எட்டு வெள்ளையின மதகுருமாருக்கான பதில். பணத்தைப் பாடகர் ஹாரி பெலஃபாண்டே வடக்கில் திரட்டினார்.

கிங் எட்டு நாளில் வெளியே வந்தபோது சிறை செல்லப் பெரியவர்கள் இல்லை. கைதானால் வேலை போகும், வீட்டுக்கடன் நிற்கும். குழந்தைகளுக்கு வேலை இல்லை என்றார் கிங்கின் கூட்டாளி ஜேம்ஸ் பெவல். கிங் தயங்கினார், நாட்கள் நகர்ந்தன, மறுக்கவும் இல்லை. மே 2 அன்று மாணவர்கள் தேவாலயத்திலிருந்து 50 பேர் 50 பேராக, பாடிக்கொண்டு வெளியே வந்தார்கள். போலீஸ் வேன்கள் தீர்ந்து பள்ளிப் பேருந்துகளைக் கொண்டுவந்தார்கள். சிறை நிரம்பிப் பொருட்காட்சி மைதானத்தில் அடைத்தார்கள். ஆல்பனியில் கிடைக்காத அந்த நிலை இங்கே ஒரே நாளில் கிடைத்தது. மறுநாள் அடைக்க இடமில்லாததால்தான் நகரின் பொதுப் பாதுகாப்பு ஆணையர் புல் கானர் தீயணைப்புக் குழாயையும் நாயையும் ஏவினார். பிரிட்சட் செய்யாததைக் கானர் செய்தார், உலகம் பார்த்தது. குழந்தைகளை முன்னால் நிறுத்தியது சரியா என்ற கேள்வியை அன்றே மால்கம் எக்ஸ் எழுப்பினார். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல.

மே 10 உடன்பாட்டின்படி, உணவு மேடை, கழிவறை, குடிநீர்க் குழாய், துணி உடுத்திப் பார்க்கும் அறை ஆகியவற்றில் 90 நாளுக்குள் பிரிவினை நீங்க வேண்டும். கடைகளில் கறுப்பினத்தவருக்கு விற்பனை வேலை. உள்ளே இருந்தவர்களை மீட்கத் தொழிற்சங்கங்கள் 160,000 டாலர் கொண்டுவந்தன. கல்வி வாரியம் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களை நீக்கியது. மேல்முறையீட்டு நீதிபதி இரண்டு நாளில் அதை ரத்து செய்தார். செப்டம்பர் 15 அன்று பதினாறாம் தெரு தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். ஏப்ரலில் தடையை மீறியதற்கான தண்டனையை உச்ச நீதிமன்றம் 1967இல் உறுதி செய்தது. கிங் அந்த ஆண்டு மறுபடி அலபாமா சிறைக்குப் போனார். 1964 நோபல் அமைதிப் பரிசு அந்தத் தண்டனையைத் தடுக்கவில்லை.

வாஷிங்டன் பேரணியை இரண்டு மாதத்தில் ஏற்பாடு செய்தவரும் ரஸ்டின்தான். இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். வீட்டிலிருந்து உணவு கொண்டுவருகிறவர்கள் மயோனைஸ் தடவாதீர்கள், ஆகஸ்ட் வெயிலில் கெட்டுப்போய் வயிற்றைக் கலக்கும் என்று சொன்னார்கள். முந்தைய நாள் ஒலிபெருக்கியை யாரோ நாசப்படுத்த, ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவு இரவோடிரவாகச் சரிசெய்தது. அது நடக்காமலிருந்தால் கனவைப் பற்றி முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

1965இல் அலபாமாவின் செல்மா நகரில், பர்மிங்ஹாமின் அதே இலக்கணம்: ஒற்றைக் கோரிக்கை, வாக்குரிமை, எதிரே கோபக்கார ஷெரிஃப் ஜிம் கிளார்க். வாக்காளராகப் பதிய அலுவலகம் மாதத்தில் இரண்டு நாள்தான் திறந்திருக்கும். மார்ச் 7 அன்று மான்ட்கோமரிக்கு நடைபயணம் கிளம்பியவர்களைப் போலீஸார் பாலத்தில் அடித்தார்கள். கிங் அன்று அங்கே இல்லை. பிறகு, அந்த நடைபயணத்துக்கு எங்கே தங்குவது, சாப்பாடு, கழிவறை, மருத்துவம் என்று எழுதிக் கொடுத்த திட்டத்தை நீதிபதி ஃப்ராங்க் ஜான்சன் ஏற்றார். சாலை இருவழியாகக் குறுகும் இடத்தில் 300 பேருக்கு மேல் கூடாது என்பது நிபந்தனை. மான்ட்கோமரி பேருந்து வழக்கில் தீர்ப்பளித்த மூவரில் அவரும் ஒருவர். 54 மைல், ஐந்து நாள். ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

சிகாகோவில் இந்த இலக்கணம் செல்லவில்லை. 1966 ஜனவரியில் கிங் அங்கே சேரிக் குடியிருப்பு ஒன்றில் குடியேறினார். வரப்போவது யார் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் அவசரமாக வெள்ளையடித்துவிட்டாராம். தெற்கில் பிரிவினை சட்டப் புத்தகத்தில் இருந்தது, காட்டி எதிர்க்கலாம். இங்கே அது வீட்டுத் தரகரின் பேச்சிலும் வங்கியின் கடன் வரைபடத்திலும் இருந்தது. மேயர் டேலி பிரிட்சட்டைவிடக் கெட்டிக்காரர், அடிக்காமல் கைகுலுக்கினார். மார்க்வெட் பூங்காவில் கிங் தலையில் கல் விழுந்தது. ஆகஸ்ட் 26 அன்று கையெழுத்தான உடன்பாட்டில் நல்ல வாக்குறுதிகள் இருந்தன. எந்தத் தேதிக்குள், மீறினால் என்ன என்பது இல்லை. பர்மிங்ஹாம் காகிதத்தில் 90 நாள் என்று இருந்ததே, அது இங்கே இல்லை.

1968 பிப்ரவரி 1 அன்று டென்னசியின் மெம்பிஸில், மழைக்கு ஒதுங்கிய இரண்டு குப்பை அள்ளும் தொழிலாளர்களை வண்டியின் அழுத்தும் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. 12ஆம் தேதி சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மார்ச் 28 அன்று கிங் முன்னே நடந்த ஊர்வலம் கலவரமாகி 16 வயதுச் சிறுவன் ஒருவன் போலீஸ் குண்டுக்குப் பலியானான். பர்மிங்ஹாமில் இருந்த பயிற்சியும் அட்டையும் ஒழுங்குபடுத்தும் ஆட்களும் இங்கே இருக்கவில்லை; மற்றவர் ஏற்பாடு செய்த ஊர்வலத்தில் கிங் விமானத்திலிருந்து இறங்கி வந்து சேர்ந்துகொண்டிருந்தார். இன்னொரு ஊர்வலத்தை ஒழுங்காக நடத்திக் காட்ட ஏப்ரல் 3 அன்று திரும்பி வந்தார். நகராட்சி நீதிமன்றத் தடை வாங்கியிருந்தது. 4ஆம் தேதி வழக்கறிஞர்கள் வாதாடி, நிபந்தனைகளோடு அனுமதி கிடைக்கும் நிலையானது. கிங்கின் கூட்டாளி ஆண்ட்ரூ யங் அந்தச் செய்தியோடு மாலையில் லொரெய்ன் விடுதிக்கு வந்தார். 6 மணி 1 நிமிடத்துக்கு, 306ஆம் அறை வாசலில் கிங் சுடப்பட்டார். வயது 39.

8ஆம் தேதி ஊர்வலம் கொரெட்டா தலைமையில் சத்தமில்லாமல் நடந்தது. 16ஆம் தேதி நகராட்சி சங்கத்தை அங்கீகரித்தது. சம்பளம் மே மாதத்திலிருந்து மணிக்கு 10 சென்ட், செப்டம்பரிலிருந்து இன்னும் 5 சென்ட் கூடியது.